சொட்டு மருந்துக்குப் பின்னால் ஒரு பெண் விஞ்ஞானி



சென்ற மாதம் கல்லல் பக்கம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் தவணைகளை வரவு வைத்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் நேரம். ஓர் உறுப்பினர் எழுந்து அவசரக் கடன் 6,000 ரூபாய் கேட்டார். அவருடைய பேத்திக்கு ஒன்பது மாதம். மூன்று நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். காதில் கிடந்த தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது. அதை மீட்கத்தான் கடன்.

கடன் கொடுக்க எல்லோரும் உடனே சம்மதித்தார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. "நர்ஸம்மா கூப்பிட்டப்பல்லாம் தூக்கிட்டுப் போயி சொட்டு மருந்து குடுத்தோம், ஊசி போட்டோம். அதுக்கப்புறமும் ஏன் மேடம் பேதி வந்துச்சு? அப்ப அந்த மருந்து எதுக்கு?"

பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த இளம் உறுப்பினர் மெதுவாகச் சொன்னார்: "எம் பிள்ளைக்கு அடுத்த தவணை வருது. நானும் போக வேணாம்னுதான் நினைக்கிறேன்."

எங்களுக்குத் திக்கென்றது. கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் விட்டால் இன்னொரு பிள்ளைக்கு மருந்து தவறிவிடும். அதற்கான பதில் நம் தமிழ்நாட்டிலேயே, வேலூரின் குடிசைப் பகுதிகளில், ஒரு பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் வீடு வீடாக நடந்து கண்டுபிடித்த பதில். அவர் பெயர் டாக்டர் ககன்தீப் காங். இந்த இதழில் அவரைப் பற்றியும் அவர் கண்டுபிடித்ததைப் பற்றியும் தெரிந்து கொள்வோம்.

பேதிக்குக் காரணம் என்ன?

பிள்ளைக்கு வயிற்றால் போனால் நம் வீடுகளில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல் முளைக்கிறது என்பார் அப்பத்தா. மாந்தம் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். குடல் ஏறியிருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும் என்று வேறொருவர் அழைத்துப் போவார். இதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். பிள்ளையின் உடம்பில் இருக்கும் தண்ணீரும் ஓடிவிடும்.

உண்மையில் பெரும்பாலான பேதிக்குக் காரணம் கிருமிகள். அவை பல வகை. அதில் சின்னப் பிள்ளைகளை மோசமாகத் தாக்குவது ரோட்டா வைரஸ். 1973-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும், பேதியால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் குடலில் இதைக் கண்டுபிடித்தார்கள். மின் நுண்ணோக்கியில் பார்த்தால் சக்கரம் போல இருக்கும். லத்தீன் மொழியில் ரோட்டா என்றால் சக்கரம். அதுவே பெயராகிவிட்டது.

இது ஏழை வீடு, பணக்கார வீடு பார்ப்பதில்லை. ஐந்து வயதுக்குள் உலகத்தில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் ஒரு முறையாவது தொட்டுவிடுகிறது. அமெரிக்காவிலும் உண்டு, நம் கானாடுகாத்தானின் பெரிய வீட்டிலும் உண்டு, அதன் பின்தெருவில் உள்ள ஓட்டு வீட்டிலும் உண்டு. நோய் வந்த பிள்ளையின் மலத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். கால் கழுவி விட்ட கை, பிள்ளை வாயில் வைக்கும் பொம்மை, துடைத்த துணி என்று எல்லாவற்றின் வழியாகவும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். நல்ல தண்ணீர் குடித்தால் மட்டும் இதைத் தடுத்துவிட முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

யார் இந்த ககன்தீப் காங்?

1962-இல் சிம்லாவில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் பொறியாளர். அம்மா பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல் வந்ததால் இவர் பத்து முறை பள்ளி மாறிப் படித்தார். பன்னிரண்டு வயதிலேயே அப்பாவோடு சேர்ந்து வீட்டில் சிறிய பரிசோதனைக் கூடம் அமைத்துக் கொண்டவர்.

மருத்துவம் படிக்க வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அந்த மருத்துவமனையே பெண்களுக்காகத் தொடங்கியதுதான். 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கட்டர் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் அங்கே பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஆரம்பித்தார். அந்த வழியில் வந்த கல்லூரியில் ககன்தீப் 1987-இல் எம்.பி.பி.எஸ்., 1991-இல் கிருமியியலில் எம்.டி., 1998-இல் முனைவர் பட்டம் பெற்றார். மேற்படிப்புப் பயிற்சிக்கு அமெரிக்காவில் ஹூஸ்டனுக்குப் போனவர், திரும்பவும் வேலூருக்கே வந்து பேராசிரியராகப் பல ஆண்டுகள் பணி செய்தார்.

அவர் எடுத்துக் கொண்ட விஷயம் பிள்ளைகளின் குடல். எந்தக் கிருமி வருகிறது, எப்போது வருகிறது, உடம்பு அதை எப்படி எதிர்த்து நிற்கிறது, ஒரு முறை வந்தால் மறுபடி வருமா என்பவைதான் அவருடைய கேள்விகள். பேதி தானே என்று பலரும் அலட்சியமாக விடும் விஷயத்தைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக் கொண்டார்.

வேலூர் தெருக்களில் மூன்று வருடம்

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூரின் குடிசைப் பகுதிகளில் அவருடைய குழு ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. பிறந்த குழந்தைகள் 452 பேரைப் பெற்றோர் சம்மதத்துடன் சேர்த்தார்கள். அதில் 373 குழந்தைகளை மூன்று வயது முடியும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். களப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து கொண்டே இருப்பார்கள். பிள்ளை நன்றாக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மலம் எடுத்துச் சோதிப்பார்கள். பேதி வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தியைப் பார்ப்பார்கள்.

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கும் தெரியும், குழு நடத்தும் உங்களுக்கும் தெரியும். ஒரு மாத வரவு செலவை நேர் செய்யவே நமக்கு மூச்சு முட்டுகிறது. அவர்கள் மூன்று வருடம் விடாமல் எழுதினார்கள். அந்தத் தாய்மார்களும் சலித்துக் கொள்ளாமல் கதவைத் திறந்தார்கள். அதனால்தான் உண்மை தெரிந்தது.

2011-இல் முடிவுகள் வெளியாயின. ஆறு மாதம் முடிவதற்குள்ளேயே 100-க்கு 56 குழந்தைகளை ரோட்டா தொற்றியிருந்தது. ஒரு முறை வந்ததோடும் விடவில்லை, திரும்பத் திரும்ப வந்தது.

இதற்கு முன் 1996-இல் மெக்சிகோ நாட்டில் இதே போல 200 குழந்தைகளைக் கவனித்திருந்தார்கள். அங்கே இரண்டு முறை தொற்று வந்து போன பிள்ளைக்கு அதன் பிறகு கடுமையான ரோட்டா பேதி வரவே இல்லை. வேலூரிலோ மூன்று முறை வந்து போன பிறகும் முழுப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 100-க்கு 79 என்ற அளவில்தான் இருந்தது.

ஏன் இப்படி? சுற்றுப்புறத்தில் கிருமி அதிகம். பல வகை ரோட்டா ஒரே நேரத்தில் சுற்றுகிறது. நம் பிள்ளைகளின் குடல் மற்ற கிருமிகளோடும் ஓயாமல் போராடிக் கொண்டிருக்கிறது. இப்படிப் பல காரணங்களை விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். ஆனால் ஒன்று உறுதியானது. நம் ஊர் பிள்ளைகளின் நிலைமையை நம் ஊரில்தான் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் கணக்கை அப்படியே இங்கே எழுதிக் கொள்ள முடியாது.

எதிர்ப்புச் சக்தி என்றால் என்ன?

சிராவயல் மஞ்சுவிரட்டை நாமெல்லாம் அறிவோம். முதல் முறை களத்தில் இறங்கும் பையனுக்கு மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. குத்து வாங்குவான். இரண்டு மூன்று வருடம் பழகியவன் மாட்டின் பார்வையிலேயே புரிந்து கொண்டு ஒதுங்குவான். அப்போதும் சில சமயம் சிராய்ப்பு படும். ஆனால் குடல் சரியும்படி குத்து வாங்க மாட்டான்.

நம் உடம்பும் அப்படித்தான். கிருமியை ஒரு முறை பார்த்தால் அதன் அடையாளத்தை நினைவில் வைத்துக் கொள்ளும். அடுத்த முறை வரும்போது விரைவாக எதிர்க்கும். ஆனால் அந்த முதல் பழக்கத்துக்குப் பச்சைப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்க முடியுமா? அதற்குத்தான் தடுப்பு மருந்து. முரட்டுக் காளைக்குப் பதிலாக, குத்தத் தெரியாத கன்றுக்குட்டியை விட்டுப் பழக்குவது மாதிரி. சாதுவான கிருமியைச் சொட்டு மருந்தாகக் கொடுத்து உடம்பைத் தயார் செய்கிறோம். ஒரு தடவை போதாது என்பதால் மூன்று தவணை.

நம் நாட்டு மருந்து

அந்தச் சாதுவான கிருமி கிடைத்ததும் நம் நாட்டில்தான். 1980-களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் சிலரிடம் ரோட்டா இருந்தது, ஆனால் பேதி இல்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பிற்பாடும் கடுமையான ரோட்டா பேதி குறைவாகவே வந்தது. இதைக் கவனித்தவர் டாக்டர் எம்.கே. பான். அந்தக் கிருமியிலிருந்துதான் ஹைதராபாத்தில் உள்ள பாரத் பயோடெக் நிறுவனம் ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்தைத் தயாரித்தது.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. அந்தப் பணியில் ககன்தீப் காங்கும் பங்கு பெற்றார். 2014-இல் வெளியான முடிவின்படி, பிறந்த முதல் வருடத்தில் கடுமையான ரோட்டா பேதியில் 100-க்கு சுமார் 56-ஐ இந்த மருந்து தடுத்தது.

மருந்து தேவை என்று அரசாங்கத்துக்குப் புரிய வைக்கவும் கணக்கு வேண்டியிருந்தது. பேதிக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பத்துக்கு நான்கு பேருக்குக் காரணம் ரோட்டா என்று நாட்டின் பல மருத்துவமனைகளில் கணக்கெடுத்துக் காட்டியதில் ககன்தீப் முக்கியமானவர். மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 78,000 குழந்தைகள் ரோட்டாவால் இறந்ததாக அவர் பங்கு பெற்ற ஆய்வு மதிப்பிட்டது.

2016-இல் சில மாநிலங்களில் அரசு இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2017-இல் வந்தது. 2019-க்குள் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது.

அதே 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டி ககன்தீப்பைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1660-இல் தொடங்கிய சங்கம் அது. இந்தியாவில் இருந்து பணிபுரியும் ஒரு பெண் விஞ்ஞானிக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல் முறை. 2024-இல் கனடா நாட்டின் கெய்ர்ட்னர் விருதும் பெற்றார். டைபாய்டு, காலரா, கொரோனா ஆகியவற்றுக்கான தடுப்பு மருந்து ஆய்வுகளிலும் அவர் பங்கு உண்டு.

அந்த உறுப்பினரின் கேள்விக்குப் பதில்

இப்போது கல்லல் பக்கத்துக் கேள்விக்கு வருவோம். சொட்டு மருந்து கொடுத்தும் ஏன் பேதி வந்தது?

முதல் காரணம், பேதியை உண்டாக்கும் கிருமிகள் பல. இந்த மருந்து ரோட்டாவை மட்டுமே எதிர்க்கும். அந்தப் பிள்ளைக்கு வந்தது வேறு கிருமியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, ரோட்டாவாகவே இருந்தாலும் மருந்து எல்லாப் பிள்ளைகளையும் காப்பாற்றாது. 100 பிள்ளைகளுக்குக் கடுமையாக வரக்கூடிய இடத்தில் பாதிக்கு மேல் தடுக்கும். மீதிப் பேருக்கு வரலாம். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் என்பது சாதாரணமா? ஓர் ஊரில் பத்துப் பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய இடத்தில் நான்கைந்து பேருக்கு ஏற்றினால் போதும் என்று ஆகிறது. ஐந்தாறு வீட்டுத் தோடு அடகுக்குப் போகாமல் காதிலேயே இருக்கும். சில பிள்ளைகளின் உயிர் மிஞ்சும்.

எனவே மருந்தும் வேண்டும், கூடவே நம் கவனமும் வேண்டும். ஒன்று இருக்கிறது என்று மற்றதை விட்டுவிடக் கூடாது.

பயம் வேண்டாமா?

இந்த மருந்தால் குடல் மடிந்துவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் முதலில் வந்த வேறொரு ரோட்டா மருந்தால் மிகச் சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கொண்டது. அந்த மருந்தை 1999-இல் நிறுத்திவிட்டார்கள். அதனால் நம் நாட்டு மருந்து வந்ததும் பல மருத்துவமனைகளில் இதையே குறியாக வைத்துக் கண்காணித்தார்கள். ககன்தீப்பும் அந்தக் குழுவில் இருந்தார். மருந்தால் அந்தப் பாதிப்பு கூடவில்லை என்று 2020-இல் முடிவு வெளியானது. இருந்தாலும், மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், பிள்ளை விட்டு விட்டு வீறிட்டு அழுது, வாந்தி எடுத்து, மலத்தில் இரத்தம் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ரோட்டா சொட்டு மருந்து 6, 10, 14-ஆவது வாரங்களில் மூன்று தவணை. போலியோ சொட்டு வேறு, இது வேறு. இரண்டும் ஒரே நாளில் கொடுக்கப்படுவதால் பலர் ஒன்றென்று நினைத்து விடுகிறார்கள். தவணை தள்ளிப் போயிருந்தால் பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் முதல் தவணையைத் தொடங்கலாம். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

2. பேதி தொடங்கியதும் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். ஒரு லிட்டருக்கான பொட்டலம் என்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கரைத்தால் அளவு கெடும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு.

3. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுங்கள்.

4. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பெரிய பிள்ளைக்குக் கஞ்சி, மோர், இட்லி கொடுக்கலாம். வயிற்றைப் பட்டினி போடக் கூடாது.

5. துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்றாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. அளவைச் செவிலியர் சொல்வார்.

6. மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரோட்டா வைரஸுக்கு அது வேலை செய்யாது.

7. பிள்ளைக்குக் கால் கழுவிய பின்பும், சோறு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊரணித் தண்ணீர் என்றால் காய்ச்சிக் கொடுங்கள்.

8. கண் குழி விழுந்தால், உச்சிக்குழி உள்வாங்கினால், சிறுநீர் போகாவிட்டால், பிள்ளை துவண்டு கிடந்தால், பால் குடிக்க மறுத்தால், தொக்கம் எடுக்க அலையாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரவு என்றாலும் 108-ஐக் கூப்பிடலாம்.

நிறைவாக

வேலூர் ஆய்வில் கலந்து கொண்ட தாய்மார்களின் பெயர் எந்த விருதிலும் இல்லை. ஆனால் அவர்கள் தங்கள் பிள்ளைகளின் விவரத்தை மறைக்காமல் சொல்லியிராவிட்டால் ககன்தீப்புக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இன்று நம் பிள்ளைகள் குடிக்கும் சொட்டு மருந்தில் அவர்கள் பங்கும் இருக்கிறது.

இந்த மாதக் கூட்டத்தில் ஒரு வேலை செய்வோம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள உறுப்பினர்கள் எல்லோரும் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். சேமிப்பு வசூல் முடிந்ததும் ஊக்குநர் ஒவ்வோர் அட்டையாகப் பார்க்கட்டும். தவணை விட்டுப் போன பிள்ளைகளின் பட்டியலை எடுத்துச் செவிலியரிடம் கொடுப்போம்.

கல்லல் பக்கத்து அந்த இளம் உறுப்பினரின் வீட்டுக்கு மறுவாரம் போனோம். இதையெல்லாம் உட்கார்ந்து பேசினோம். கடைசியில் அவர் கேட்டார்: "மேடம், பாதிக்குப் பாதிதானே காப்பாத்தும்?" "ஆமாம்மா" என்றோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பாதியில எம் பிள்ளை இருக்கட்டும். புதன்கிழமை போயிர்றேன்."

போய் வந்துவிட்டார். அட்டையில் மூன்றாவது தவணைக்கும் தேதி போட்டாயிற்று.